சட்டமும் மக்கள் மனமும்

2021-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இங்கிலாந்து வங்கி புதியதொரு 50 பவுன் பணத்தாளை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற உருவம் கணித மேதை ஆலன் டூரிங்குடையது. அவர் பிறந்த நாளும் அதுவே. இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் எனிக்மா மறைகுறிகளை விடுவித்து நாட்டைக் காக்கத் துணைநின்ற அப்பெருமகனை, 1952-இல் அதே நாட்டின் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. மற்றோர் ஆடவரோடு அவர் கொண்ட உறவே குற்றமாயிற்று. சிறைவாசத்திற்கு ஈடாக, உடலுணர்ச்சியை அடக்கும் மருந்தை அவர் ஏற்க நேர்ந்தது. 1954-இல், தம் 41-ஆம் வயதில், நஞ்சினால் மாண்டார். குற்றவாளி என ஒதுக்கிய ஒருவரைப் பணத்தாளில் பொறித்துப் போற்றும் அளவிற்கு ஒரு நாட்டின் மனம் மாறியது எங்ஙனம்? தன்பாலீர்ப்புடையோரைப் பற்றிய பிரிட்டானியரின் எண்ணம் கடந்துவந்த வழியை அறிவது, சட்டத்திற்கும் மக்கள் மனத்திற்கும் உள்ள தொடர்பை உணரப் பெரிதும் உதவும்.

இங்கிலாந்தில் ஆடவர் இருவரின் உடலுறவுக்கு 1861 வரை மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. 1835-இல் இருவர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1885-இல், பெண்களையும் சிறுமியரையும் காப்பதற்கென வந்த சட்ட முன்வரைவில், ஹென்றி லபுஷேர் என்னும் உறுப்பினர் ஒரு பிரிவைப் புகுத்தினார். ஆடவரிடையே தனிமையில் நிகழும் நெருக்கத்தையும் அது தண்டனைக்குரியதாக்கியது. புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-இல் இப்பிரிவின்படி ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார். அவருடைய பெயரைச் சொல்லவே மக்கள் கூசினர்.

பெண்களின் நிலை வேறு. அவர்களைச் சட்டம் தண்டிக்கவில்லை. 1921-இல் அவர்களையும் தண்டிக்க மக்களவை இசைந்தபோது பிரபுக்கள் அவை அதனை மறுத்தது. பரிவு அதற்குக் காரணமன்று. அத்தகைய உறவு உண்டென்பதைப் பெண்கள் அறிந்துகொள்வார்களே என்ற அச்சமே காரணம். 1928-இல், பெண்கள் இருவரின் காதலைக் கூறிய ராட்கிளிஃப் ஹாலின் புதினம் ஆபாசமானதென நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. ஆடவர்க்குத் தண்டனை, பெண்டிர்க்கு மௌனம் என்பதே அக்காலத்து நிலை எனலாம்.

மாற்றத்திற்கு வித்திட்டவர், முன்னர்த் தலைமையாசிரியராகப் பணியாற்றிய ஜான் உல்ஃபென்டன் ஆவார். 1954-இல் அரசு அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வயது வந்தோர் இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகலாகாது என்று 1957-இல் அக்குழு பரிந்துரைத்தது. தனிமனிதரின் ஒழுக்கத்தைத் தீர்மானிப்பது சட்டத்தின் வேலையன்று என்பது அதன் அடிப்படைக் கருத்து. கண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சியும், அச்செயலைப் பாவமெனக் கொண்டபோதும், அதனைக் குற்றமாகக் கொள்ளலாகாதென்று பின்னாளில் பிரபுக்கள் அவையில் ஆதரவளித்தார். பாவம் வேறு, குற்றம் வேறு என்ற தெளிவு பிறந்தது. ஆயினும் பரிந்துரை சட்டமாக மேலும் பத்தாண்டுகள் ஆயின.

1967-இல் நிறைவேறிய சட்டமும் 21 வயது நிரம்பியோர்க்கே பொருந்தியது. ஸ்காட்லாந்து 1980 வரையிலும், வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருந்தன. சட்டத்தை முன்னின்று நிறைவேற்றிய ஆரன் பிரபுவே, விடுதலை பெற்றோர் ஆரவாரமின்றி அடங்கி வாழ்ந்து நன்றி காட்ட வேண்டுமென அறிவுறுத்தினார். தண்டனை நீங்கிற்று, மதிப்புக் கிட்டவில்லை.

சட்டம் மாறியபின் மனம் படிப்படியாக மாறும் என்று எண்ணுவோர், அடுத்து நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒருபாலார் உறவு எப்போதும் தவறே என்று கூறியோர், பிரிட்டானிய சமுதாய மனப்பான்மை ஆய்வின்படி, 1983-இல் 50 விழுக்காட்டினர். 1987-இல் அவர்கள் 64 விழுக்காடாக உயர்ந்தனர். எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சம் நோயுற்றோர்மீதே வெறுப்பாகத் திரும்பிய காலம் அது. 1988-இல் 28-ஆம் பிரிவு எனப்படும் சட்டம் வந்தது. ஒருபாலார் உறவை ஊக்குவித்தலை அது உள்ளாட்சி மன்றங்களுக்குத் தடைசெய்தது. அச்சட்டத்தால் ஆசிரியர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் பலர் வாய் திறக்க அஞ்சினர். சக மாணவரின் ஏளனத்திற்கு ஆளான பிள்ளைக்கு ஆறுதல் கூறவும் தயங்கினர். இப்பிரிவு ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003-இலும் நீக்கப்பட்டது.

இவ்வளவிற்கும் பின்னர் மனம் மாறியதற்குக் காரணம் என்ன? 1972-இல் லண்டன் தெருக்களில் அணிவகுத்துத் தம்மை வெளிப்படுத்திக்கொண்டோர் தொட்டு, பல்லாயிரவர் தம் பெற்றோரிடமும் நண்பரிடமும் உண்மையைக் கூறினர். பெயரறியாத குற்றவாளியை வெறுப்பது எளிது. தம் மகனையோ, உடன்பிறந்தாளையோ, அண்டை வீட்டாரையோ வெறுப்பது எளிதன்று. எப்போதும் தவறே என்போர் 2012-இல் 22 விழுக்காடாகக் குறைந்தனர். 2014-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருபாலார் திருமணம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் நிழல் நம் மண்ணிலும் படிந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1885-ஆம் ஆண்டுப் பிரிவின் வாசகத்தைத் தழுவியே 1938-இல் சிங்கப்பூரில் 377ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பிரிட்டன் தன் சட்டத்தைத் தளர்த்தி 55 ஆண்டுகள் கழித்து, 2022-இல், சிங்கப்பூர் நாடாளுமன்றம் அதனை நீக்க முடிவெடுத்தது.

டூரிங்கிற்கு இழைத்த கொடுமைக்குப் பிரதமர் கோர்டன் பிரவுன் 2009-இல் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரச மன்னிப்பும் வந்தது. அவற்றைக் கேட்க டூரிங் இல்லை. சட்டத்தை ஒருநாள் வாக்கெடுப்பில் மாற்றிவிடலாம். மனம் மாறத் தலைமுறைகள் செல்லும். இடையில் பின்னடைவும் நேரும். அந்த இடைக்காலத்தில் வாழ்ந்து மறைந்தோர் கொடுத்த விலையையும் சேர்த்துக் கற்பிப்பதே முழுமையான வரலாற்றுக் கல்வியாகும்.