போகுமுன் பார்க்க வேண்டிய கண்டி

விசா கிடைத்ததும் நம் பழைய மாணவியர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பதினெட்டு வருஷம் இங்கேயே இருந்தும் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. போவதற்குள் எதைப் பார்ப்பது?" கேள்வி நியாயமானது. பாடசாலை, ரியூசன் வகுப்பு, குட்ஷெட் பஸ் நிலையம், வீடு. நம்மில் அநேகருக்குக் கண்டி அவ்வளவுதான். தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் சுற்றுலா போனோம். பூங்காவில் சாப்பாட்டுப் பார்சல் அவிழ்த்த இடம் ஞாபகமிருக்கும், மரங்கள் ஞாபகமிராது.

வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கும் பட்டியலை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. கண்டி நெடுங்காலமாக ஆட்கள் வந்து சேர்ந்து பின் விட்டுப் போன ஊர். விருப்பத்தோடு போனவர்களும் உண்டு, துரத்தப்பட்டவர்களும் உண்டு. போகப் போகிறவள் அவர்கள் விட்டுச் சென்ற இடங்களைப் பார்த்துவிட்டுப் போவது பொருத்தம் என்று நாம் நினைக்கிறோம்.

முதலில் குளக்கரைக்கு வாருங்கள். தினமும் பஸ்ஸில் சுற்றிப் போன குளம்தான். 1807 முதல் 1812 வரையில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தில் அணை கட்டி உண்டாக்கியது இது. எண்கோண மண்டபமும் அதே காலத்து வேலை. இரண்டுக்கும் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. கரையோரத்து முகில் மதிலை வடக்கிலிருந்து தெற்காக நடந்து பார்த்தால் ஓரிடத்தில் வேலை நின்றுபோனது தெரியும். அரசன் பிடிபட்டதும் மதிலும் நின்றுவிட்டது. ராணிமார் குளித்த உல்பென்கே மண்டபம் பிற்காலத்தில் நூலகமாகி, அதற்கும் பிறகு பொலிஸ் காவலிடமாகியது.

அந்த அரசனின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்கர்கள். இதை நாம் ஆண்டு எட்டிலோ ஒன்பதிலோ ஒரு வரியில் படித்துக் கடந்தோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வரி அது. அவர்களுள் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753 இல் சியாமிலிருந்து பிக்குமாரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீட்டவர். மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் சியம் நிக்காய அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான்கு தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரஹெரவில் புனித தந்தம் முன்னே எடுத்துச் செல்லப்பட்டதும் அவர் காலத்தில்தான். பெரஹெர பார்க்க நம்மை வீதியோரப் பாயில் உட்கார வைத்த எந்தப் பெரியவரும் இதைச் சொன்னதில்லை.

அந்த நான்கு தேவாலயங்களையும் ஒரு காலை நேரத்தில் பார்த்து முடிக்கலாம். நாத தேவாலயம் 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நகரின் மிகப் பழைய கட்டடம். பத்தினி தேவாலயத்தில் இருப்பவள் நம் கண்ணகி. கொத்துகொடல்ல வீதியிலுள்ள கதிர்காம தேவாலயத்தில் இன்றும் பிராமணக் குருக்களே பூசை செய்கிறார்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் பரீட்சை தோறும் தேங்காய் உடைக்கப் போன நம்மில் பலர், கடைவீதி நடுவே இருக்கும் இந்தக் கந்தனை எட்டிப் பார்த்ததே இல்லை.

1815 பெப்ரவரி 18 இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2 இல் மகுல் மடுவவில், செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே, கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அம்மண்டபம் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, போய்த் தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் மூன்றாம் சரத்தைப் பாடநூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசனின் ஆண் உறவினர் எவரும் கண்டி மாகாணங்களுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும், வெளியேற்றப்பட்ட "மலபார்" ஆண்கள் திரும்பி வருவதும் அதே தண்டனைக்குரியது என்றும் அது சொல்கிறது. மலபார் என்பது அக்கால வெள்ளையர் தென்னிந்தியரையும் தமிழரையும் குறித்த சொல். அரசனின் உறவினர் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்ற பெயர் மட்டும் இன்றும் மிஞ்சியிருக்கிறது. அரசனும் ராணிமாரும் 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றப்பட்டார்கள். அவன் 1832 இல் வேலூரில் இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் சமாதி இருக்கிறது. மேற்படிப்புக்கோ சிகிச்சைக்கோ வேலூர் போகும் நம் சகோதரிகள் அரைமணி நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம். சிம்மாசனம் 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது, ஆனால் கண்டிக்கு வரவில்லை. கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. மலபார் ஆண் திரும்பி வந்தால் இராணுவச் சட்டம் பாயும் என்று எழுதிய அதே அரசாங்கம், பத்து ஆண்டுகள் கழியுமுன் மலபார் ஆட்களைக் கூட்டி வரும் வேலையைத் தொடங்கிவிட்டது. கம்பளைப் பக்கம் சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1820 களின் தொடக்கத்தில். பிறகு மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023 இல் "மலையகம் 200" நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பாதையைத்தான் பின்பற்றினார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்க மட்டுமல்ல, அந்தப் பாதையின் முடிவைப் பார்க்கவும் ஒரு நாள் போய் வாருங்கள்.

மாளிகைக்குப் பின்னால் சிறிய ஏற்றத்தில் இருக்கும் கரிசன் மயானம் வேறொரு வகை. 1817 இல் தொடங்கிய பிரித்தானியர் இடுகாடு. வைத்தியத் தொழிலில் இருக்கும் நமக்கு அது ஒரு திறந்த நோயேடு மாதிரி. வாட்டர்லூ போரில் பிழைத்து வந்த ஜேம்ஸ் மக்ளாஷன் திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்து நடந்து வந்து காய்ச்சலில் இறந்தார். கண்டியைச் சண்டையில்லாமல் கைப்பற்ற வழிசெய்த, சிங்களம் நன்கறிந்த ஜோன் டொய்லி 1801 இல் இலங்கைக்கு வந்து, ஊர் திரும்பாமலே 1824 இல் காய்ச்சலில் போனார். அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை. 1856 இல் காட்டு யானை கொன்ற ஒருவரும் இங்கே படுத்திருக்கிறார். குழந்தைகளின் கல்லறைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கும். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் நிறுவியதே 1897 இல்தான். 1934–35 கொள்ளைநோயில் இந்நாடு ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்தது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது 2016 இல். அதே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கல் நாட்டியவர் இல்லை.

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர், 1821 இல் தொடங்கியது, 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1952 இல் இங்கே இடம்பெயர்ந்த வளாகம் அது. 1960 களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்து "கர்ணன் போர்", "இராவணேசன்" ஆடவைத்தது இங்கேதான். மேலே ஏறினால் குறிஞ்சிக் குமரன் கோயில். மூச்சு வாங்கும், ஆனால் ஏறலாம்.

நகரத்துக்குத் திரும்பினால் மஹியாவ மயானம். ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்கே. பதினாறு, பதினேழு வயதில் 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பிக்காகப் போட்ட ரயில் பாதை கண்டிக்கு வந்து சேர்ந்ததும் அதே 1867. இரண்டு ஆண்டில் கோப்பியில் இலைநோய் விழுந்தது, பிறகு தேயிலைதான் எல்லாம். தொழிலாளர் அவரைச் "சாமி தொரை" என்றார்கள். கடைசியில் கம்பனி தோட்டத்தை விட்டு விலகச் சொன்னபோது போக மறுத்து, 1892 மே 2 இல் வயிற்றுளைவில் இறந்தார். 24 தொழிலாளர் இரு அணியாக மாறி மாறித் தூக்கிக் கண்டிவரை நடந்து வந்து அடக்கம் செய்தார்கள். போ என்றதும் போக மறுக்க ஒரு துரையால் முடிந்தது.

தொழிலாளருக்கு அது முடியவில்லை. இதைச் சொல்லத்தான் உங்களைக் கடைசியாகக் கண்டி ரயில் நிலையத்துக்குக் கூட்டி வருகிறோம். கட்டடத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மேடையில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள், போதும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். அந்த மிச்சத்தை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கேட்கப்பட வேண்டியவர்கள் எவரும் கேட்கப்படவில்லை. கடவுச்சீட்டுக்காக மக்கள் மலையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்றது கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில். அங்கிருந்து ரயில், தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம். வழியனுப்ப வந்தவர்களின் அழுகை காரணமாக அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். 1984 இல் கப்பல் நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் வந்தது 2003 இல். தலைமன்னாருக்கு ரயில் 2015 இல் மறுபடி ஓடத் தொடங்கியது. விரும்பினால் நீங்கள் அதில் ஏறிக் கடல்வரை போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பி வரலாம். அவர்களுக்குத் திரும்பும் டிக்கட் இருக்கவில்லை.

எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் பெரியவர்கள் பேசிக் கேட்ட கதை. எங்களுக்கு வாய்த்தது வேறு. 1998 ஜனவரி 25 இல் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தபோது நம்மில் பலர் பாடசாலைச் சீருடையில் இருந்தோம். அந்த வாரங்களில், பொட்டோடு டவுனுக்குப் போவதா வேண்டாமா என்று வீடுகளில் பேச்சு நடந்தது. மாளிகைக்கு முன்னால் வாகனங்கள் போன வீதி அன்றிலிருந்து மூடியே இருக்கிறது. இது நம் ஊரா என்ற சந்தேகத்தோடு வெளிநாடு போனவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்கள் விடுமுறையில் வந்தால் நாம் முதலில் கூட்டிப் போவது கதிர்காம தேவாலயத்துக்கும் மலபார் வீதிக்கும்தான்.

மூத்த அக்காமார் சொல்வார்கள்: அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தவணை நடுவே திடீரென்று ஒரு மேசை காலியாகும். "இந்தியா போய்ட்டாங்க" என்று ஆசிரியை சொல்லுவார், பாடம் தொடரும். விலாசம் எழுதி வாங்கவும் நேரம் இருந்திராது. இந்த மலர் டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் மெல்பேணுக்கும் போகிறது. கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போக நமது பட்டியலில் ஒரு முகவரிகூட இல்லை. நீலகிரிப் பக்கம் யாராவது போனால், தேயிலைத் தோட்ட லயங்களிலும் டவுன் கடைகளிலும் "சிலோன்காரங்க" வீடு எது என்று கேளுங்கள். அறுபது, எழுபது வயதில் ஓர் அம்மா இருப்பார். எந்தப் பாடசாலையில் படித்தார் என்று விசாரித்து, நம் பாடசாலை என்றால் பெயரையும் படித்த ஆண்டையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள்.