வரி முடிவுக் குறிகளும் பதிப்புக் கட்டுப்பாடும்

உரைக்கோப்பு ஒன்றில் ஒரு வரி எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்கு உணர்த்தும், கண்ணுக்குத் தெரியாத குறி வரி முடிவுக் குறி எனப்படும். விண்டோஸ் இதற்கு இரண்டு பைட்டுகளைப் பயன்படுத்துகிறது. லினக்ஸும் இன்றைய மேக் இயங்குதளமும் ஒரே ஒரு பைட்டைப் பயன்படுத்துகின்றன. திரையில் பார்ப்பவருக்கு வேறுபாடு எதுவும் தெரியாது. ஆனால், பலர் சேர்ந்து எழுதும் மூலநிரலில் யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு இவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஒரு பைட் வேறுபாட்டால் ஒரு திட்டத்தின் வரலாறே மறைந்துபோகக்கூடும். இவ்வேறுபாடு தோன்றிய விதத்தையும், பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் அதைக் கையாளக் கற்றுக்கொண்ட விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தட்டச்சுப்பொறியின் மரபு

கையால் இயக்கும் தட்டச்சுப்பொறியில் ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு வேலைகள் நடக்கும். காகிதம் ஒரு வரி மேலேறும். காகிதத்தைத் தாங்கியுள்ள கேரேஜ் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். தந்திக் கம்பி வழியே எழுத்துகளை அனுப்பும் தொலைதட்டச்சுப் பொறிகளில் இவ்விரண்டும் தனித்தனிக் கட்டளைகளாயின. 1901-ஆம் ஆண்டில் டொனால்ட் மரே, போதோவின் ஐந்து பிட் தந்திக் குறிமுறையை மாற்றியமைத்தபோது கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரு கட்டுப்பாட்டுக் குறிகளை அறிமுகப்படுத்தினார். இவை சுருக்கமாக சிஆர், எல்எஃப் எனப்படுகின்றன.

இரண்டையும் பிரித்து வைத்ததற்குப் பயன் இருந்தது. சிஆர் மட்டும் அனுப்பினால் அதே வரியின் மேல் மீண்டும் அச்சிட்டு அடிக்கோடு இடலாம், எழுத்தைத் தடிமனாக்கலாம். நேரமும் ஒரு காரணம். 1960-களில் பரவலான டெலிடைப் மாடல் 33 பொறி நொடிக்கு 10 எழுத்துகளை அச்சிட்டது. அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு வந்துசேர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. எனவே முதலில் சிஆர், அடுத்து எல்எஃப் என்று அனுப்பினர். காகிதம் மேலேறும் நேரத்தில் அச்சுத்தலை தன் இடத்தை அடைந்துவிடும்.

1963-இல் வெளியான ஆஸ்கி குறிமுறை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. எல்எஃப் 10-ஆம் எண்ணையும், சிஆர் 13-ஆம் எண்ணையும் பெற்றன.

மூன்று வழக்கங்கள்

காகிதப் பொறிகளின் இடத்தில் திரைகள் வந்தபின் இரண்டு குறிகளுக்குத் தேவை இருக்கவில்லை. 1964-இல் பணி தொடங்கிய மல்டிக்ஸ் இயங்குதளம், வரி முடிவைக் குறிக்க எல்எஃப் ஒன்றே போதும் என முடிவு செய்தது. அச்சுப்பொறிக்கு சிஆர் தேவைப்பட்டால், அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளே அதைச் சேர்த்து அனுப்பும். பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இவ்வழக்கத்தைப் பின்பற்றியது. பின்னர் வந்த லினக்ஸும் அவ்வழியே சென்றது.

கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம், டெக் நிறுவனக் கணினிகளின் வழக்கத்தை ஒட்டி சிஆர், எல்எஃப் இரண்டையும் கோப்பிலேயே எழுதியது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ், சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள உதவும் வகையில் அமைந்ததால் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. விண்டோஸ் அதை மரபாகப் பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட மெக்கிண்டாஷ், சிஆர் ஒன்றை மட்டும் பயன்படுத்தியது. யூனிக்ஸ் அடிப்படையிலான மேக் ஓஎஸ் எக்ஸ் 2001-இல் வந்தபின் ஆப்பிளும் எல்எஃப் பக்கம் மாறியது.

கோப்புப் பரிமாற்றத்தில் முதல் பாடம்

வெவ்வேறு கணினிகள் பிணையத்தில் இணைந்தபோதே இச்சிக்கல் உணரப்பட்டது. எஃப்டிபி கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில் இரண்டு முறைகள் வைக்கப்பட்டன. உரைமுறையில் அனுப்பினால் வரி முடிவுகள் பெறும் கணினிக்கு ஏற்ப மாற்றப்படும். இருமமுறையில் அனுப்பினால் ஒரு பைட்டும் மாறாது. முறையைத் தவறாகத் தேர்ந்தால் படக்கோப்புகளும் சுருக்கப்பட்ட கோப்புகளும் கெட்டுப்போகும். படத்தில் தற்செயலாக இருக்கும் 10, 13 என்ற மதிப்புகளை வரி முடிவு என்று எண்ணி மென்பொருள் மாற்றிவிடுவதே இதற்குக் காரணம்.

1996-இல் வெளியான பிஎன்ஜி பட வடிவம் இதை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டுப் பைட்டுகளுடன் தொடங்கும். அதில் உள்ள 13, 10 என்ற இணையும் இறுதியில் தனியே நிற்கும் 10-உம் ஒரு பொறிபோல் வைக்கப்பட்டவை. வழியில் யாரேனும் வரி முடிவுகளை மாற்றியிருந்தால், இந்த எட்டுப் பைட்டுகளைப் படித்தவுடனே கோப்பு கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

பதிப்புக் கட்டுப்பாட்டில் என்ன கெடுகிறது

பதிப்புக் கட்டுப்பாடு வரிகளை ஒப்பிடுவதன்மேல் நிற்கிறது. 500 வரிகள் உள்ள கோப்பில் ஒருவர் ஒரே வரியைத் திருத்துகிறார். அவருடைய உரைத்தொகுப்பி எல்லா வரி முடிவுகளையும் மாற்றிச் சேமிக்கிறது என்று கொள்வோம். மென்பொருளின் கணக்கில் 500 வரிகள் நீக்கப்பட்டு 500 வரிகள் சேர்க்கப்பட்டுள்ளன. உண்மையான திருத்தம் அந்தக் குவியலில் மறைந்துவிடும்; சரிபார்ப்பவர் கண்ணில் பிழை படாமல் போகும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று கேட்டால், 500 வரிகளுக்கும் அவர் பெயரே வரும். அதே கோப்பில் வேறு கிளையில் வேலை செய்தவர் இணைக்க முயன்றால் கோப்பு முழுவதும் முரண்பாடாகத் தோன்றும்.

நிரல் இயங்காமல் போவதும் உண்டு. லினக்ஸில் ஷெல் நிரலின் முதல் வரி, தன்னை இயக்க வேண்டிய மென்பொருளின் பெயரைச் சொல்கிறது. அவ்வரியின் கடைசியில் ஒரு சிஆர் ஒட்டிக்கொண்டால், லினக்ஸ் அதையும் பெயரின் பகுதியாகவே கொள்ளும். அப்படி ஒரு மென்பொருள் இல்லாததால், கண்முன் இருக்கும் கோப்பையே காணவில்லை என்று பிழைச்செய்தி வரும். விண்டோஸ் கணினியில் எடுத்த நிரலை லினக்ஸ் கொள்கலனுக்குள் இயக்க முயலும் மாணவர்கள் பலரும் சந்திக்கும் பிழை இது.

சிவிஎஸ், சப்வெர்ஷன்

1972-இல் மார்க் ரோச்கைண்ட் பெல் ஆய்வகத்தில் எழுதிய எஸ்சிசிஎஸ்ஸும், 1982-இல் வால்டர் டிஷி உருவாக்கிய ஆர்சிஎஸ்ஸும் பெரும்பாலும் ஒரே கணினிக்குள் பயன்பட்டதால் இச்சிக்கல் பெரிதாகவில்லை. 1986-இல் டிக் கிரூன் தொடங்கிய சிவிஎஸ் பின்னர் பிணையம் வழியே இயங்கத் தொடங்கியது. விண்டோஸ் பயனர்களும் வந்தனர். சிவிஎஸ் எல்லாக் கோப்புகளையும் உரை என்றே எடுத்துக்கொண்டு வரி முடிவுகளை மாற்றியது. படக்கோப்புகளைச் சேர்ப்பவர் அவை இருமக் கோப்புகள் என்று தாமே குறிப்பிட வேண்டும். மறந்தால் படம் கெடும்.

2004-இல் முதல் பதிப்பு வந்த சப்வெர்ஷன் இந்த அணுகுமுறையைத் தலைகீழாக்கியது. கேட்டாலொழிய அது எதையும் மாற்றாது. வரி முடிவு மாற வேண்டிய கோப்புகளுக்கு மட்டும் ஒரு பண்பை இணைக்க வேண்டும். அப்பண்பு கோப்புடன் சேர்ந்து களஞ்சியத்திலேயே பதிவாகும். எனினும், புதிய கோப்புகளுக்கு அதைத் தானாக இணைக்கும் அமைப்பு நீண்ட காலம் ஒவ்வொரு பயனரின் கணினியிலும் தனித்தனியே இருந்தது. 2013-இல் வந்த 1.8-ஆம் பதிப்பில்தான் அதையும் களஞ்சியத்தில் வைக்க முடிந்தது.

கிட் கடந்துவந்த பாதை

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கருவின் மேம்பாட்டுக்காக கிட்டை எழுதினார். அது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் 40 இலக்க அடையாளம் ஒன்றைக் கணக்கிடுகிறது. ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முழுவதும் மாறும். வரி முடிவு மாறிய கோப்பு கிட்டுக்குப் புதிய கோப்பே.

விண்டோஸ் பயனர்கள் பெருகியதால் 2007-இல் 1.5.1-ஆம் பதிப்பில் ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற அமைப்பு வந்தது. அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு. 'ட்ரூ' எனில், களஞ்சியத்தில் சேர்க்கும்போது எல்எஃப். வெளியே எடுக்கும்போது சிஆர்-எல்எஃப். 'இன்புட்' எனில், சேர்க்கும்போது மட்டும் எல்எஃப் ஆக்கப்படும். 'ஃபால்ஸ்' எனில், எதுவும் மாறாது.

இவ்வமைப்பின் குறை அது இருந்த இடத்தில் இருந்தது. அது தனிப்பயனரின் கணினியில் இருந்தது. ஒரே குழுவில் ஒருவர் 'ட்ரூ' என்றும் இன்னொருவர் 'ஃபால்ஸ்' என்றும் வைத்திருந்தால், இரண்டாமவர் சிஆர்-எல்எஃப் கோப்புகளைக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவார். முதலாமவர் அவற்றை எடுத்தவுடன், அவர் தொடாத கோப்புகளெல்லாம் மாற்றப்பட்டவையாகத் தோன்றும்.

இதற்குத் தீர்வாக, அதே 2007-இல் 1.5.2-ஆம் பதிப்பிலிருந்து, களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும் கிட்அட்ரிபியூட்ஸ் என்ற கோப்பில் விதிகளை எழுத வழி பிறந்தது. மாற்றினால் மீட்க முடியாத கோப்புகளைப் பற்றி எச்சரிக்கும் வசதி 2008-இல் சேர்ந்தது. 2010-இல் 1.7.2-ஆம் பதிப்பு இவ்விதிகளைச் சீரமைத்தது. கோப்பு உரையா என்பதை 'டெக்ஸ்ட்' என்ற பண்பும், அதன் வரி முடிவு எது என்பதை 'இஓஎல்' என்ற பண்பும் சொல்லும்படி பிரிக்கப்பட்டன. களஞ்சியத்தை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் விதிகளும் சேர்ந்தே வருவதால், தனியாள் அமைப்பைவிட அவை மேலோங்கும்.

இன்றைய நடைமுறை

பெரும்பாலான திட்டங்கள் களஞ்சியத்துக்குள் எல்எஃப் ஒன்றையே வைக்கின்றன. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பின் முதல் வரியில், உரைக்கோப்புகளைத் தானே கண்டறிந்து சீராக்கும்படி கிட்டுக்குச் சொல்லப்படுகிறது. கோப்பில் பூஜ்ய பைட் உள்ளதா, தனித்து நிற்கும் சிஆர் உள்ளதா, அச்சிட இயலாத பைட்டுகள் மிகுதியா என்று பார்த்து கிட் முடிவெடுக்கும். அடுத்து விதிவிலக்குகள் வரும். ஷெல் நிரல்களுக்கு எங்கும் எல்எஃப். விண்டோஸ் பேட்ச் கோப்புகளுக்கு எங்கும் சிஆர்-எல்எஃப். படங்களுக்கு மாற்றமே கூடாது.

பழைய களஞ்சியத்தில் இவ்விதியைப் புகுத்தும்போது ஏற்கெனவே உள்ள கோப்புகளையும் சீராக்க வேண்டும். 2018-இல் 2.16-ஆம் பதிப்பு இதற்கென 'ரீநார்மலைஸ்' என்ற தெரிவைத் தந்தது. இவ்வேலையை வேறு எந்தத் திருத்தமும் கலக்காத தனிப் பதிவாகச் செய்வது வழக்கம். யார் எந்த வரியை எழுதினார் என்று தேடும்போது அந்த ஒரு பதிவை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் வசதி 2019-இல் 2.23-ஆம் பதிப்பில் வந்தது. மறைந்த வரலாற்றை இவ்வாறு மீட்கலாம்.

தமிழ் உரைக்கோப்புகள்

யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவை அனைத்தும் 127-ஐ விடப் பெரிய மதிப்புடையவை என்பதால் 10, 13 என்ற மதிப்புகள் தமிழ் எழுத்துக்குள் வருவதில்லை. எனவே வரி முடிவு மாற்றத்தால் தமிழ் உரை கெடாது. யூடிஎஃப்-16 கோப்புகளின் நிலை வேறு. அவற்றில் இடைவெளியும் வரி முடிவும் பூஜ்ய பைட்டுடன் சேர்ந்தே எழுதப்படுவதால், கிட் அவற்றை இருமக் கோப்பு என்று கருதும். வரி ஒப்பீடும் காட்டாது. தமிழ் உரைகளைக் களஞ்சியத்தில் வைப்போர் யூடிஎஃப்-8 குறிமுறையைத் தேர்வது இதனாலும் நல்லது.

எஞ்சிய மரபு

விண்டோஸின் நோட்பேட் செயலி, எல்எஃப் மட்டும் உள்ள கோப்புகளை நெடுங்காலம் ஒரே நீண்ட வரியாகவே காட்டிவந்தது. 2018-இல்தான் அது மூன்று வழக்கங்களையும் புரிந்துகொண்டது. ஆயினும் விண்டோஸ் இன்றும் சிஆர்-எல்எஃப் வழக்கத்தைக் கைவிடவில்லை. அச்சுத்தலை திரும்பக் காத்திருந்த அந்த நொடியின் சிறு பகுதி, பொறிகள் மறைந்த பின்னும் கோப்புகளுக்குள் தொடர்கிறது. எந்தக் குறி சிறந்தது என்ற வாதத்தால் சிக்கல் தீரவில்லை. திட்டத்துக்குரிய முடிவைத் தனியாள் கணினியில் விடாமல், மூலநிரலோடு சேர்த்துக் களஞ்சியத்தில் எழுதி வைத்தபோதுதான் தீர்ந்தது.