கப்பல் பயணி தலைசாய்த்த இடங்கள்

கப்பலை விட்டு இறங்கி ஓரிரு நாட்கள் மட்டும் ஓர் ஊரில் தங்க வேண்டியவருக்கு எழும் முதற்கேள்வி, எங்கே அறை எடுப்பது என்பதாகும். துறைமுகத்துக்கு அருகிலா, கடற்காற்று வீசும் ஒதுக்குப்புறத்திலா, அன்றி நேரே புகையிரதமேறி மலைநாட்டுக்குச் சென்றுவிடுவதா? இலங்கையில் இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு கொழும்பில் அல்ல, காலியில் தொடங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டன. பயணிகள் கோட்டைச் சுவருக்குள் ஒல்லாந்தர் காலக் கட்டடங்களில் இயங்கிய விடுதிகளில் தங்கினர். அவற்றுள் பின்னாளில் நியூ ஓரியன்டல் ஹோட்டல் எனப் பெயர்பெற்றது, 2005ஆம் ஆண்டு முதல் அமன்கல்ல என்ற பெயரில் இயங்கி வருகின்றது. அக்காலத்தில் கொழும்பு, செய்திக்குக்கூடக் காலியையே நம்பியிருந்தது. கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து சேர்ப்பிக்க, சிலோன் ஒப்சேவர் பத்திரிகை 1850களில் புறாக்களைப் பயன்படுத்தியது. எங்கள் தொழிலின் முன்னோடிகளுள் அப்புறாக்களையும் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

காலித் துறைமுகம் பாறைகள் நிறைந்தது. பல கப்பல்களை விழுங்கியது. தேசாதிபதி கிரகரியின் காலத்தில் கொழும்புக்கு ஓர் அலைதடுப்பு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. 1875 டிசெம்பரில், பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். வேலை 1885இல் நிறைவெய்தியது. 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய் வழியாகப் பெருகிய கப்பல்கள் யாவும் கொழும்பை நாடின. காலி உறங்கத் தொடங்கியது.

கொழும்பின் விடுதிக்காரர்கள் இதனை முன்கூட்டியே உணர்ந்திருந்தனர் போலும். காலிமுக ஹோட்டல் 1864இலேயே தோன்றிவிட்டது. இறங்குதுறைக்கு எதிரே படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடம், சிமிதர் என்ற கட்டடக் கலைஞரால் மாற்றியமைக்கப்பட்டு, கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலாக 1875இல் திறக்கப்பட்டது. 1877இல் புகையிரதப் பாதை கல்கிசையை எட்டியது. அதே ஆண்டில் அங்கிருந்த பழைய தேசாதிபதி மாளிகையும் ஹோட்டலாயிற்று. நேரமற்றவர் துறைமுக வாசலிலும், ஒரு நாள் உள்ளவர் காலிமுகத்திலும், ஓய்வை விரும்பியவர் கல்கிசையிலும் தங்கினர்.

பயணிகள் கரையேறியமைக்குக் கொழும்பின் அழகு மாத்திரம் காரணமன்று. நிலக்கரியும் ஒரு காரணம். நிலக்கரி ஏற்றப்படும் வேளையில் கப்பலெங்கும் கரித்தூசு படியும். அறைச் சாளரங்களை அடைத்து வைப்பர். வெப்பமும் புழுதியும் தாங்கவொண்ணாதவை. வசதியுள்ளோர் அந்நேரத்தை ஹோட்டல் மண்டபத்து விசிறியின் கீழ் கழித்தனர். சுமைப் படகுகளிலிருந்து கரி மூட்டைகளை முதுகில் சுமந்து ஏற்றியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் ஏராளம். கொச்சிக்கடையிலும் முகத்துவாரத்திலும் நெருக்கமான குடியிருப்புகளில் அவர்கள் தலைசாய்த்தனர். பயணிகளின் பெயர்கள் ஹோட்டல் பதிவேடுகளில் உள்ளன, இவர்களுடையவை எங்குமில்லை.

பிரபலமான விருந்தினர் பலர். ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ், சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில், 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கினார். புகையிரதத்தில் கண்டிக்கும் சென்றார். கீரிப்பிள்ளைகளை வாங்கிச் சென்றார். கப்பலில் மாண்டு கடலில் இடப்படும் படைவீரன் ஒருவனைப் பற்றிய 'கூசெவ்' என்ற கதை, இங்கு தங்கிய நாட்களோடு தொடர்புடையது. கிராண்ட் ஓரியன்டலில் அவர் பெயரால் ஓர் அறை உண்டு. 1896 ஜனவரியில் மார்க் ட்வைன், பம்பாய்க்குக் கப்பல் மாறும் இடைவேளையில், கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலில் தங்கினார். வீதிகளில் கண்ட உடைகளின் வண்ணங்களில் மயங்கிய அவர், மிஷன் பாடசாலைச் சிறுமியர் ஐரோப்பிய உடையில் அணிவகுத்து வந்ததைக் கண்டு எரிச்சலுற்று எழுதியிருக்கின்றார். ஒரே நாளில் இவ்வளவு கூர்மையாகப் பார்த்துச் சென்றவர் வேறெவரும் இலர் என்பது என் கருத்து.

சரியாக ஓராண்டின் பின்னர், 1897 ஜனவரி 15ஆம் திகதி, சுவாமி விவேகானந்தர் ஐரோப்பாவிலிருந்து வந்து இதே துறைமுகத்தில் இறங்கினார். அவருக்கு ஹோட்டல் தேவைப்படவில்லை. பொன்னம்பலம் குமாரசுவாமி முதலிய தமிழ்ப் பிரமுகர்கள் வரவேற்க, கறுவாத்தோட்டத்து பங்களா ஒன்றுக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டார். 1904 டிசெம்பரில் வந்த லெனார்ட் வுல்ஃப், கிராண்ட் ஓரியன்டலில் தங்கிய பின்னர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அவரது நாய் வேறொரு கப்பலில் வந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தொடர் புகையிரதப் பாதை 1905இலேயே நிறைவுற்றமையால், அவர் இடைவழியைத் தபால் வண்டியிலேயே கடக்க நேர்ந்தது.

நம்மவருள் அதிகமாகக் கப்பலால் இறங்கியோர் மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவரே. பெட்டிகளுடன் இறங்கி, வடபகுதிக்குப் புகையிரதம் ஏறும்வரை புறக்கோட்டையில் ஊரவரின் கடை மாடியிலோ, கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டிலோ தங்குவர். வாடகை கேட்கப்படுவதில்லை, ஊர்ப்புதினம் மட்டும் கேட்கப்படும். 'மலாயன் பென்சனியர்' கதைகளை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் என் தலைமுறையினர்.

விமானப் பயணம் பெருகிய 1960களிலிருந்து கப்பற் பயணிகள் அருகினர். பின்னர் யுத்தம் வந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீதான குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர், கோட்டையில் வீதிகள் மூடப்பட்டன. பத்திரிகைப் பணிக்காக அங்கு சென்றுவந்த நாட்களில், ஒரு காலத்தில் கப்பற் பயணிகளால் நிறைந்த யோர்க் வீதியில் சீருடையினரையே பெரும்பாலும் கண்டேன்.

அதே ஆண்டுகளில், வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழருக்குக் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களின் 'லொட்ஜ்'களே புகலிடமாயின. வைத்தியத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் வந்தோர், நாட்களை எண்ணிக்கொண்டு அங்கிருந்தனர். ஏன் வந்தீர், எத்தனை நாள் தங்குவீர் என்பவை ஹோட்டல் எழுதுவினைஞர் புன்னகையுடன் கேட்கும் கேள்விகள். லொட்ஜில் அவற்றைப் பொலிஸார் நள்ளிரவில் கேட்டனர். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, தங்குவதற்குத் தகுந்த காரணமில்லை எனக் கூறி, 370க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

2009இல் யுத்தம் முடிந்தது. உல்லாசக் கப்பல்கள் மீண்டும் வரலாயின. புலம்பெயர்ந்த அன்பர் எவரேனும் அவ்வாறு வந்து இரு நாட்கள் தங்க விரும்பின், காலிமுகத்தின் சௌகரியத்தை மறுக்கமாட்டேன். ஆயினும் ஓர் இரவையேனும் கோட்டையில் கழிக்குமாறு கூறுவேன். செட்டியார் தெருவுக்கு நடந்தே செல்லலாம். யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதமும் அருகிலேயே புறப்படும். கிராண்ட் ஓரியன்டலின் மேல்மாடியிலிருந்து நோக்கினால் துறைமுகம் முழுவதும் தெரியும். யுத்தகாலத்தில் அதனைப் படமெடுக்க அனுமதியில்லை. வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பின் தென்புறக் கடலில் மண் நிரப்பி, 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் உருவாக்கப்பட்டுள்ளது.