கட்டுரை

‘கட்டு’ என்னும் வினைப்பகுதியும் ‘உரை’ என்னும் பெயரும் இணைந்து, நிலைமொழியின் ஈற்று உகரம் கெட்டுக் ‘கட்டுரை’ ஆயிற்று. கட்டிய உரை, கட்டுகின்ற உரை, கட்டும் உரை என முக்காலத்துக்கும் விரிவதால் இதனை வினைத்தொகையாகக் கொள்ளலாம். பழைய வழக்கில் இச்சொல் பொருள் பொதிந்த பேச்சையும் உறுதிமொழியையும் குறித்தது. சிலப்பதிகாரத்தின் 23ஆவது காதை கட்டுரை காதை எனப் பெயர் பெற்றது, மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலன் கொலையுண்டதன் காரணத்தை அவனது முற்பிறப்பு வரலாற்றோடு பொருத்தி எடுத்துரைப்பதனால்தான். காதையோ செய்யுள், ஆகவே உரைநடை என்பது இச்சொல்லின் தொடக்கப் பொருளன்று.

ஒரு பொருள் பற்றி உரைநடையில் எழுதப்படும் ஆக்கம் என்னும் இக்காலப் பொருள் அச்சும் ஆங்கிலக் கல்வியும் பரவிய பின்னர் நிலைபெற்றது. அதற்கு முன் ‘வியாசம்’ என்ற வடசொல்லும் இப்பொருளில் வழங்கிற்று.

கல்லூரி மாணவர் பலர் நூல்களிலிருந்து எடுத்த பத்திகளை அடுக்கிக் கட்டுரை என்று தருகின்றனர். கண்டிப்பாகச் சொன்னால் அது தொகுப்பே. எடுத்துக்காட்டாக, ‘பாரதியின் உரைநடை எளியது’ என்பது வெறுங்கூற்று. அவருடைய தொடர்களின் நீளத்தையும் பேச்சுவழக்குச் சொற்களையும் சான்றாகக் காட்டி, அவற்றால் அக்கூற்று எவ்வாறு பெறப்படுகிறது என்பதையும், வடசொல் மிகுந்த இடங்கள் அதற்கு எவ்வளவு தடையாகும் என்பதையும் விளக்கும்போதே உரை கட்டப்படுகிறது. ‘எனவே’, ‘ஆயினும்’ போன்ற இணைப்புச் சொற்கள் இவ்வேலைக்கு உரியவை, எனினும் காரணத் தொடர்பு இல்லாத இரு தொடர்களுக்கிடையே ‘எனவே’ இடுவது மாணவர் கட்டுரைகளில் மலிந்த குறை. இவ்வாறு கட்டப்படும் உரை அளவால் வேறுபடும்: பட்டத்திற்கென அளிக்கப்படும் நெடிய ஆய்வு ‘ஆய்வேடு’ எனப்படும். ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்ளும் சிறிய வடிவமே ‘ஆய்வுக் கட்டுரை’.