குதிரைக்குச் செருப்பு

குதிரைக்கு லாடம் அடிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். குதிரைக்குச் செருப்பு மாட்டுவார்கள் என்று யாராவது சொன்னால், சொன்னவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் சொன்னவர் எண்பது வயதுக் கிழவர்; எனக்கு மாடி அறையை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரும்கூட. ஆகையால் சற்று மரியாதையாகவே பார்த்தேன்.

இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் என்று ஒரு ஜில்லா. அதில் ஸ்ட்ரௌட் என்ற ஊரை அடுத்துக் கிழவரின் வீடு இருந்தது. பாதியில் நின்றுபோன ஒரு நாவலை முடித்துவிடலாம் என்று அங்கே போயிருந்தேன். நாவல் முடியவில்லை, அது வேறு கதை.

வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் நிலம்; பெரும்பகுதி புல்தரை. புல்தரை என்றால் மாடு மேய்கிற இடம் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே அது பூஜை அறைக்குச் சமானம். அந்தப் புல்லை விதைத்து, களை பிடுங்கி, இருபத்தைந்து வருஷம் வளர்த்தவள் கிழவரின் மனைவி. அந்த அம்மாள் காலமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கிழவர் அவளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வாரந்தோறும் புல்லை வெட்டுவார்; அதுதான் அவருடைய பேச்சு.

முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. கையால் தள்ளும் யந்திரத்தை மூலையில் வைத்துவிட்டு, பழைய சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கினார். விற்றவர், "எல்லா வேலைக்கும் ஆகும்" என்று உறுதி சொன்னாராம். எல்லா வேலைக்கும் ஆகும் என்று பெயரெடுத்த பொருளானாலும் மனிதரானாலும், முக்கியமான வேலையில் காலை வாரிவிடுவது உலக இயற்கை அல்லவா? மழை விட்ட மறுநாள் காலை கிழவர் டிராக்டரை ஓட்டினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல் என்னவோ அழகாகத்தான் வெட்டுப்பட்டது. ஆனால் சக்கரங்கள் போன வழியெல்லாம் இரண்டு பள்ளம். வண்டி திரும்பிய இடத்தில் புல் வேரோடு பெயர்ந்து பாய்போலச் சுருண்டு கிடந்தது.

கிழவர் இறங்கினார்; பார்த்தார்; ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகைக்குள் போய், கறுத்து விறைத்துப்போன தோல் உறை ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அடியில் தட்டையான தோல். மேலே இறுக்குவதற்கு வார்.

"என் தாத்தா சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய பங்களாவில் குதிரை பிடித்து நடந்தார். அந்தக் குதிரையின் செருப்பு இது. அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்!" என்றார்.

அன்று முதல் என் நாவல் மூலையில் கிடக்க, நான் புல்லின் சரித்திரத்தில் இறங்கிவிட்டேன்.

அந்தச் சரித்திரம் தொடங்கியது கிழவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு முன்பெல்லாம் கனவான்களின் தோட்டங்களில் நீண்ட காம்புள்ள அரிவாளால்தான் புல்லை வெட்டினார்கள். பனி ஈரம் இருந்தால்தான் அரிவாள் நன்றாக விழும் என்பதால், விடிவதற்கு முன்பே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கு அப்போது கம்பளித் துணிக்குப் பேர்போன இடம். பிரிட்டிஷ் சிப்பாய்களின் சிவப்புச் சட்டைத் துணி அங்கே நெய்யப்பட்டது. நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்க, சுழலும் கத்திகள் பொருத்திய யந்திரம் ஒன்று ஆலைகளில் உண்டு. எட்வின் பட்டிங் என்ற யந்திரத் தொழிலாளி அதைப் பார்த்தார். துணியின் மயிரைக் கத்தரிப்பது பூமியின் மயிரைக் கத்தரிக்காதா என்று அவருக்குத் தோன்றியது. 1830ஆம் ஆண்டில் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஊரார் சிரிப்பார்களே என்று பயந்து இரவில்தான் அதை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு.

முதல் யந்திரத்தின் அகலம் 19 அங்குலம். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் உள்ள மிருகக்காட்சிசாலை ஆரம்பத்திலேயே ஒன்றை வாங்கியது. அங்கிருந்த மேஸ்திரி அதைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார். அரிவாளும் துடைப்பமும் வைத்துக்கொண்டு ஆறு எட்டுப் பேர் செய்யும் வேலையை அது செய்துவிடுகிறது என்பது ஒன்று. வேலை முடிந்தபின் தரையில் ஒரு தடமும் இல்லை என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தைத்தான் உலகம் கவனித்தது. அந்த ஆறு எட்டுப் பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கோ இரண்டாவது வாக்கியமும் முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் அடுத்த நூறு வருஷம் அந்தத் தடத்தோடுதான் போராட்டம்.

மனிதன் தள்ளுவது போதவில்லை. 1842இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊரில் அலெக்ஸாண்டர் ஷாங்க்ஸ் என்பவர், சுமார் இரண்டரை ஏக்கர் புல்தரை வைத்திருந்த ஒரு கனவானுக்காக, மட்டக்குதிரை இழுக்கும் 27 அங்குல யந்திரம் செய்தார். வேலை வேகமாக நடந்தது. ஆனால் குதிரைக்குக் குளம்பு இருக்கிறதே! லாடம் பதிந்த இடமெல்லாம் குழி விழாதா? அப்போது வந்ததுதான் தோல் செருப்பு. நாலு காலுக்கும் அகலமான தோல் உறை மாட்டினார்கள். குதிரையின் பாரம் குறையவில்லை. அது பரவியது, அவ்வளவுதான். லாடத்தின் கூரிய விளிம்பு மண்ணைத் தொடவில்லை. நான் சொல்லப் போகும் டயர் சாஸ்திரம் முழுவதும் இந்தச் செருப்புக்குள்ளேயே அடக்கம்.

பிறகு குதிரையும் போதவில்லை. 1893இல் லங்காஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியால் ஓடும் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1902இல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி பெட்ரோல் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சக்தி ஏற ஏற எடையும் ஏறியது. வயலிலே டிராக்டர் இரும்புச் சக்கரத்தோடு, இரும்புப் பற்களோடு வந்து சேர்ந்தது. இரும்புக்கு யார் செருப்பு மாட்டுவது?

விடை ஏற்கெனவே பிறந்து, மறக்கப்பட்டுக் கிடந்தது. ராபர்ட் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ரப்பர் பூசிய துணிக்குழாய்க்குள் காற்று. அதன்மேல் தோல் உறை. மறுபடியும் தோல்தான்! 1847இல் அதை ஓட்டிக் காட்டிய இடமும் அதே ரீஜண்ட்ஸ் பார்க். உலகம் பார்த்தது, மறந்தது. 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் என்பவர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். டன்லப்புக்குத் தொழில் என்ன தெரியுமா? கால்நடை வைத்தியம்! குதிரையின் காலை நன்றாக அறிந்த ஒருவர் கையிலேதான் காற்று டயர் மறுபிறவி எடுத்தது.

அது டிராக்டருக்கு வர இன்னும் 44 வருஷம் பிடித்தது. 1932இல் அமெரிக்காவில் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி, ஃபயர்ஸ்டோன் செய்த ஆகாய விமான டயர்களைத் தன் டிராக்டரில் மாட்டிப் பார்த்தது. குறைந்த காற்றில் அவை மண்ணை நன்றாகப் பற்றிக்கொண்டன. விவசாயிகள் நம்பவில்லை. மறு வருஷம் கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்பீல்டை ஏற்றி, மணிக்கு 64 மைல் வேகத்தில் டிராக்டரை ஓட்டிக் காட்டினார்கள். உழவுக்கு 64 மைல் வேகம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஜனங்கள் நம்பிவிட்டார்கள், அதுதான் வேண்டும்.

இனிக் கிழவரின் பள்ளத்துக்கு வருவோம். நம் நஞ்சையில் உழும் டிராக்டரின் பின்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். உயரமான ரப்பர் கட்டைகள் சாய்வாக அடுக்கியிருக்கும். சேற்றைக் கிழித்துப் பிடித்து முன்னேறுவதற்காக ஏற்பட்ட டயர் அது. கிழிப்பதுதான் அதன் தர்மம். அதைப் புல்தரையில் விட்டுவிட்டு, கிழிக்கிறதே என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. கிழவரின் வண்டியில் இருந்தது அதுவேதான். மண் அள்ளும் வண்டிகளுக்கு உள்ள டயர், கனமான அகலக் கட்டைகளோடு நடுத்தரமாக இருக்கும். காய்ந்த தரையில் அது பொறுத்துப் போகும். ஈரத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும். புல்தரைக்கென்றே உள்ள டயரோ அகலமாக, ஓரம் மழுங்கி, சின்னச் சின்னக் கட்டைகள் நெருக்கமாகப் பதித்ததாக இருக்கும்.

கணக்கும் எளிது. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு காற்றோ, ஏறக்குறைய அத்தனை பவுண்டுதான் அது தரையை அழுத்தும். ஒரு சக்கரத்தின் மேல் 1,200 பவுண்டு பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பவுண்டு காற்று அடைத்தால் அந்தப் பாரம் 40 சதுர அங்குலத்தில் இறங்கும். 12 பவுண்டு அடைத்தால் 100 சதுர அங்குலத்தில் பரவும். அகலமான டயரில்தான், செய்தவர் சொன்ன எல்லைக்குள், காற்றை அவ்வளவு குறைக்க முடியும். மண் இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும். மேலே தண்ணீர் தேங்கும். கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தைவிட அதுதான் பெரிய சேதம்.

புல்தரை டயருக்கும் குறை உண்டு. சேற்றில் வழுக்கும்; ஈரச் சரிவில் நம்பக் கூடாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் டயரும் பின் டயரும் அளவில் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும்; ஒரு ஜோடியை மட்டும் மாற்றினால் பல்சக்கரங்கள் சண்டை பிடிக்கும். எந்த டயரானாலும் மழை விட்ட மறுநாள் ஓட்டக் கூடாது. நின்ற இடத்தில் திருகித் திருப்பக் கூடாது. வாரந்தோறும் ஒரே தடத்தில் போகக் கூடாது.

இவ்வளவையும் நான் கிழவரிடம் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தாத்தா இதையெல்லாம் சொல்லவில்லை. குதிரைக்குச் செருப்பு மாட்டாமல் புல்லில் இறங்கினால் தோட்டக்காரர் காதைத் திருகுவார் என்று மட்டும் சொன்னார்" என்றார்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் புது டயர்கள் வந்தன. பள்ளங்களில் மண் நிரப்பி விதை தூவியிருந்தார். முளைக்கிற வரை டிராக்டரை எடுப்பதில்லை என்று தீர்மானம். மாலையில் பார்த்தேன். மனைவி வழக்கமாக உட்காருவாளாமே, அந்த மரத்தடியில், மூலையில் கிடந்த பழைய கை யந்திரத்தை வைத்துக்கொண்டு, நாலு அடி தள்ளுவதும் நிற்பதுமாக இருந்தார். முழங்காலை அடிக்கடி தடவிக்கொண்டார்.

"இந்த இடத்துக்கும் டிராக்டர் போகலாமே! இப்போதுதான் செருப்பு மாட்டியாயிற்றே" என்றேன்.

"போகலாம்" என்றார் கிழவர். மறுபடியும் நாலு அடி தள்ளினார்.