சைகை மொழியும் உரிமைப் போரும்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது வீண் முயற்சிக்கு நாம் காலங்காலமாகக் கூறிவரும் உவமை. கேட்க இயலாதவனிடம் சங்கை ஊதுவானேன், கையால் ஒரு குறிப்புக் காட்டியிருக்கலாகாதா என்று அவ்வுவமையைக் கையாளுவோர் எவரும் வினவுவதில்லை. பிழை எப்போதும் செவிடனின் காதிலேயே இருக்கிறது. இம்மனப்பாங்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலே அது ஒரு சர்வதேச மகாநாட்டின் தீர்மானமாகவே நிறைவேறியிருக்கிறது.

1880ஆம் ஆண்டு செப்டெம்பரில், செவிப்புலனற்றோரின் கல்வியை ஆராய்வதற்கென இத்தாலியின் மிலான் நகரிலே கல்விமான்கள் கூடினர். பிரதிநிதிகள் 164 பேர். அவர்களுள் செவிப்புலனற்றவர் ஒரே ஒருவர்: வாஷிங்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன் என்னும் ஆசிரியர். வாய்ப்பேச்சே மேலானது, பாடசாலைகளில் அதுவே போதனா முறையாதல் வேண்டும், சைகை விலக்கப்படல் வேண்டும் என மகாநாடு தீர்மானித்தது. எதிர்த்து வாக்களித்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

இத்தீர்மானம் அறியாமையால் விளைந்தது என்று கூறிவிட முடியாது. அதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகவே பாரிஸ் நகரில் சைகை மொழி வாயிலாகக் கல்வி நடைபெற்றுவந்தது. 1760ஆம் ஆண்டளவில் டி லெப்பே என்னும் பாதிரியார் தொடங்கிய அப்பாடசாலையைப் பிரெஞ்சுப் புரட்சி அரசு 1791இல் பொறுப்பேற்றது. அங்கே பயின்று அங்கேயே ஆசிரியரான பேர்டினன்ட் பேர்த்தியே, செவிப்புலனற்றோரை 1834 முதல் ஆண்டுதோறும் விருந்துகளில் ஒன்றுகூட்டி, 1838இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். அதே பாடசாலையிலிருந்து அமெரிக்கா சென்ற லோரன் கிளார்க், 1817இல் ஹார்ட்போர்டில் பாடசாலை அமைப்பதற்குத் துணைநின்றார். ஆகவே மிலானில் கூடியோர் கண்முன்னே கற்றறிந்த செவிப்புலனற்றோர் பலர் இருந்தனர். எனினும், தேசத்துக்கு ஒரு மொழி, ஒரே குரல் என்ற அக்காலத்து வெறிக்கு முன் அச்சான்றுகள் எடுபடவில்லை. தொலைபேசியைக் கண்டவர் என்று பாடப்புத்தகங்கள் போற்றும் அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவிப்புலனற்றோர் தம்முள் மணம்புரிந்தால் மனித இனத்தில் ஒரு செவிட்டுப் பிரிவு உருவாகிவிடும் என 1883இல் அறிஞர் சபையொன்றில் எச்சரித்தார். விஞ்ஞானத்தின் பெயரால் பேசப்படுவன யாவும் விஞ்ஞானம் அல்ல.

விளைவு கொடியது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தனர். வகுப்பிலே கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். சரித்திரமும் கணிதமும் பயிலவேண்டிய மணிநேரங்கள், தமக்கே கேளாத ஓர் ஒலியை உதட்டில் உருவாக்குவதில் கழிந்தன. அம்மகாநாட்டுத் தொடர் 2010இல் வன்கூவர் நகரில் கூடியபோது மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் கடந்திருந்தன.

செவிப்புலனற்றோர் அந்த வருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. மிலான் மகாநாட்டுக்கு முந்திய மாதத்திலேயே அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தமது தேசிய சங்கத்தை நிறுவியிருந்தனர். அதன் தலைவராயிருந்த ஜோர்ஜ் வெடிற்ஸ், அப்போது புதுமையாயிருந்த சலனப்படத்தைப் பயன்படுத்தி, சைகை மொழியில் தாம் ஆற்றிய உரையை 1913இல் பதிவுசெய்துவைத்தார். எழுத்தில்லாத ஒரு மொழிக்கு அதைவிடச் சிறந்த ஏடு வேறில்லை.

டெனிசன் பணிபுரிந்த வாஷிங்டன் வளவிலேதான் அடுத்த பெரும் போர் மூண்டது. அங்குள்ள கலடெற் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1864இல் லிங்கன் அளித்தார். அன்றுமுதல் 124 ஆண்டுகளாக, பிற்காலத்தில் பல்கலைக்கழகமான அந்நிறுவனத்துக்குக் கேட்கும் செவியுடையோரே தலைவராயினர். அதனை ஆண்ட தர்மகர்த்தா சபையில் செவிப்புலனற்றோர் நால்வர் மாத்திரமே. (தர்மகர்த்தா என்ற சொல் இங்கு எவ்வளவு பொருத்தம்! தருமம் செய்வோன் பெறுவோனிடம் அபிப்பிராயம் கேட்பதுண்டோ?) 1988ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி, இறுதித் தெரிவில் நின்ற மூவருள் செவிப்புலனற்ற இருவரையும் ஒதுக்கி, சைகை மொழி அறியாத எலிசபெத் சின்சரைச் சபை தலைவராக்கியது.

மறுநாட் காலை மாணவர் வாயில்களை வாகனங்களால் மறித்தனர். அவர்களுடைய கோரிக்கைகள் நான்கு: சின்சர் விலகிச் செவிப்புலனற்ற ஒருவர் தலைவராதல், சபைத் தலைவி ஸ்பில்மன் பதவி துறத்தல், சபையில் நூற்றுக்கு 51 செவிப்புலனற்றோர் இருத்தல், போராடியோர் பழிவாங்கப்படாமை. அன்று மண்டபத்தில் ஸ்பில்மன் பேச எழுந்தபோது தீ அபாய மணி அலறியது. இந்த இரைச்சலில் எப்படிப் பேசுவது என்றார் அவர். எந்த இரைச்சல், சைகையில் பேசினால் எங்களுக்கு விளங்கும் என்று கூட்டத்திலிருந்து கைகள் விடையளித்தன. அப்பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பிணக்கு முழுவதும் அவ்வொரு கணத்தில் வெளிப்பட்டது எனலாம்.

ஆசிரியர்கள் மாணவர் பக்கம் நின்றனர். தபால் தொழிலாளர் சங்கம் ஆதரவளித்தது. 11ஆம் திகதி சுமார் 2,500 பேர் சட்டசபைக் கட்டிடத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அதற்குள் சின்சர் விலகிவிட்டார். 13ஆம் திகதி நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின. கிங் ஜோர்டன் செவிப்புலனற்ற முதலாவது தலைவரானார்.

வெற்றியைப் பாடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. இதே வளவிலுள்ள பாடசாலை 1905 முதல் 1952 வரை கறுப்பினப் பிள்ளைகளை ஏற்க மறுத்தது. லூயிஸ் மில்லர் என்னும் தாய் ஏனைய பெற்றோருடன் வழக்காடி வென்ற பின்னரும், அப்பிள்ளைகளுக்கெனப் புறம்பான வகுப்புகளே முதலில் அமைக்கப்பட்டன. ஒடுக்கப்பட்டோரின் கூடத்துக்குள்ளும் ஒரு பின்கதவு இருந்தது.

2006இல் அடுத்த தலைவரின் தெரிவை எதிர்த்து மாணவர் மீண்டும் வாயில்களை மறித்தனர். இம்முறை தெரிவானவரும் செவிப்புலனற்றவரே; தெரிவு நடைபெற்ற முறையையும் அவர் தகுதியையும் பற்றியதே தகராறு. ஒக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அக்கைதுகளுக்கு அனுமதியளித்தவர், 1988இல் மாணவர் போராட்டத்தால் பதவியேற்ற அதே ஜோர்டன். அம்மாத இறுதியில் சபை அந்நியமனத்தை இரத்துச் செய்தது.