ஆய்வின் நடுவே மலர்ந்த அறிஞர்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தோரின் பிள்ளைகள் இன்று முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டுள்ளனர். பட்டம் பெற்ற பின்னரே தமக்கெனக் கருத்துரைக்கலாம் என அவர்களுள் பலர் தயங்குகின்றனர். அவர்கட்கு அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை இவ்வெள்ளி விழா மலரில் நினைவூட்ட விரும்புகிறோம்.

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913இல் அண்ணல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவர் மேற்கொண்ட ஆய்வு பொருளியலைச் சார்ந்தது. ஆயினும் 1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் என்னும் பேராசிரியரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். அப்பொழுது அவருக்கு வயது 25.

தீட்டே சாதியின் இயல்பு என்றார் செனார்ட். பிறரோடு உண்ணாமையே என்றார் நெஸ்ஃபீல்ட். அண்ணல் அவ்வறிஞர்களைக் கற்றார். ஆனால் அப்படியே ஏற்றாரில்லை. உடனுண்ணாமை சாதியின் விளைவேயன்றிக் காரணமன்று என விளக்கினார். குழுவுக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணமே சாதியின் உயிர்நிலை என்றும், உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அதனைக் காக்கவே எழுந்தன என்றும் வாதிட்டார். தம் கருத்துத் தவறென மெய்ப்பிக்கப்படின் அதனைக் கைவிடவும் இசைந்தார். துணிவும் பணிவும் ஒருங்கே அமைந்த இந்நிலையே அறிஞனின் இலக்கணம் என்போம்.

அதே ஆண்டில் இலண்டன் சென்ற அவர், உதவித்தொகை முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிச் சேமித்த பணம், நண்பர் ஒருவர் தந்த கடன், கோலாப்பூர் மன்னரின் உதவி ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் சென்றார். இந்திய ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து, அறிஞர் கெயின்ஸின் கருத்தை மறுத்து, 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். நூலுக்கு முன்னுரை வழங்கிய பேராசிரியர் கேனன், அண்ணலின் வாதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்றே எழுதினார். எனினும் அவற்றின் புதுமையைப் பாராட்டினார். ஆசிரியர் உடன்படாத இடத்திலும் மாணவர் தம் முடிவில் நின்றார்.

இளைஞர்களே! வழிகாட்டியை மதியுங்கள், ஆனால் உங்கள் சிந்தனையை அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். நம் தெருக்களில் கண்டறிந்த உண்மை நூலோடு முரண்படின், சான்றுகளைத் திரட்டித் துணிந்து எழுதுங்கள். உறுப்பினர்களே! பொருளின்மையால் பாதியில் நின்ற ஆய்வுகள் நம்மிடையேயும் உண்டு. அன்று கடன் தந்த நண்பரின் இடத்தில் இன்று நாம் நிற்கவேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த பணி அதுவே.